இடது கன்னத்துக்கு ஒரு புள்ளி பாக்கி

கண்டியில் ஒரு பெண், சுவரொட்டி முகங்களுக்குக் கறுப்புப் பேனாவால் புள்ளி வைத்துக்கொண்டு திரிகிறாள் என்று எனக்கு முதலில் சொன்னவர் கட்டுகஸ்தோட்டையில் வழக்கமாக எனக்குத் தலைமயிர் வெட்டுபவர்.

"புள்ளி வெச்ச ஆள வெள்ளை வேன் வந்து தூக்குமாம் சேர்."

"அது காணாம போனவனத் தேடுற நோட்டீஸ்தானே. ஏற்கனவே தூக்கினவன இன்னொரு தரம் எப்படித் தூக்குறது?"

கத்தரி என் காதருகே நின்றது. "அதுதான் சேர் பயமா இருக்கு" என்றார்.

ஹேவாஹெட்ட பஸ் கொண்டக்டருக்கு அது செய்வினை. புள்ளி வைத்த இடத்துக்கு நேராக எதிரியின் உடம்பில் கட்டி வருமாம். எங்கள் பத்திரிகைக் கந்தோரில் யாழ்ப்பாணத்து எழுதுவினைஞர் தியாகராஜா கதவைச் சாத்திவிட்டு வந்து, "உது சங்கேதம். கண்ணுக்குக் கீழ வைச்சா வடக்கு, நாடியில வைச்சா கிழக்கு" என்றார். யாருக்குச் சங்கேதம் என்று கேட்டேன். "அது தெரிஞ்சா நான் ஏன் இங்க கிளாக்கரா இருக்கிறன்?" முகப்பூச்சுக் கம்பனியின் விளம்பரம்தான் அது என்று அடித்துச் சொன்னவர் ஒருவர். அவர் முகப்பூச்சு விற்பவர்.

2008ஆம் ஆண்டு ஆவணி மாதம். வடக்கில் சண்டை நெருங்கிக்கொண்டிருந்தது. கண்டியில் அரிசி விலை ஏறியது, சோதனைச் சாவடி கூடியது, வதந்திக்கு மட்டும் தட்டுப்பாடில்லை. ஒரே கதையை நாலு பேர் நாலு விதமாகச் சொன்னால் அச்சில் போடலாம், விசாரிப்பதை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்பது எங்கள் தொழிலில் யாரும் எழுதி வைக்காத விதி. என் வாரப் பத்தியில் நாலு வரி போட்டேன். சிரிக்கத்தான் எழுதினேன். சிரித்தார்கள். சில இடங்களில் சுவரொட்டியைக் கிழித்தும் விட்டார்கள் என்று கேள்விப்பட்ட பிறகுதான் விசாரிக்கப் புறப்பட்டேன்.

விசாரணை எட்டு நிமிடத்தில் முடிந்தது. குட்ஷெட் பஸ் நிலையத்துச் சுவரில் அந்தத் தாள் இருந்தது. மேலே மூன்று மொழியில் "காணவில்லை". நடுவில் ஒரு இளைஞனின் முகம். கறுப்பு, சாம்பல், தாளின் வெள்ளை, அவ்வளவுதான் அதில் இருந்தது. மூக்குக்கென்று ஒரு கோடு கிடையாது, ஆனால் மூக்கு இருந்தது. தெருவின் அந்தப் பக்கம் நின்றாலும் ஆள் நம்மைப் பார்ப்பது தெரிந்தது. அவனது இடது கண்ணுக்குக் கீழே மிளகளவில் ஒரு பேனாப் புள்ளி. அடியில் பெயர் ராஜலிங்கம், வயது இருபத்திரண்டு, ஒரு தொலைபேசி இலக்கம். எனக்குக் கதை சொன்ன நால்வரில் ஒருவரும் அந்த இலக்கத்துக்குப் பேசிப் பார்க்கவில்லை. எழுதிய நானும்தான்.

இலக்கம் அங்கிருந்து கல்லெறி தூரத்தில், கருவாட்டுக் கடைக்கு மேல்மாடியில் இருந்த ஒரு அச்சுக் கடையினுடையது. சீலைத்திரையில் மையை இழுத்துப் படம் அச்சிடும் இடம். கடைக்காரர் பளீல், அறுபது வயது, தொப்பியிலும் மை. நான் யாரென்று சொன்னதும் இரண்டு கைகளையும் தூக்கினார்.

"அல்லாவே, நீங்கதானா அது? ரெண்டு நாளா போன் அடிச்சி, மொகத்துக்குப் புள்ளி வெக்க எவ்வளவு எடுக்கிற எண்டு கேக்கிறாங்க. ஒரு பொம்பள புருசன்ட போட்டோவோட வந்தே ஈக்கிறா!"

உள்ளே கம்பியூட்டருக்கு முன்னால் ஒரு பெண் நின்றுகொண்டிருந்தார். கதிரை இருந்தது. அதில் துடைக்கிற துணி காய்ந்தது. அவர் நின்றபடியே எலியை நகர்த்தினார், நாலடி நடந்து ஜன்னலில் எட்டிப் பார்த்தார், திரும்பி வந்து மறுபடி நகர்த்தினார். பெயர் பத்மாதேவி, வயது நாற்பத்தெட்டு. என்னை ஒரு முறை பார்த்தார்.

"உங்கட முகம் மூண்டு மட்டத்தில நிக்காது. நாலு வேணும். கன்னத்தில சரக்குக் கூட."

புள்ளி வைக்கும் பெண் நீங்கள்தானா என்று கேட்டேன்.

"ஓம். எழுதினது நீங்கள்தானோ? இருங்கோ, கதிரையில ஈரத் துணி. நில்லுங்கோ."

நின்றுகொண்டே கேட்ட கதை இது.

பத்மாதேவி யாழ்ப்பாணத்தில் நில அளவைக் கந்தோரில் படம் வரைபவராக இருந்தவர். ஒரே உயரத்தில் உள்ள இடங்களைக் கோட்டால் இணைத்து மேடு பள்ளம் காட்டுவது அவருக்குத் தெரிந்த கலை. பிறந்த ஊரிலோ மேடும் இல்லை, பள்ளமும் இல்லை. "பதினொரு வருசத்தில நான் கீறின ஆகப் பெரிய மலை, கந்தோருக்குப் பின்னால கொட்டின கல்லுக் குவியல்" என்றார். தொண்ணூற்றைந்தில் சண்டைக்கு அஞ்சி ஊரே எழுந்து நடந்தபோது அவரும் நடந்தார். கிளிநொச்சி, வவுனியா, பிறகு கண்டி. பேனாப் பெட்டியைத் தவிர வழியில் எல்லாம் குறைந்தது. கண்டியில் இறங்கிய அன்று சுற்றியிருந்த மலைகளைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு வந்ததாம். கோடு போட வேண்டியதெல்லாம் இங்கே வந்து நிற்கிறது, சம்பளம் கொடுக்கத்தான் கந்தோர் இல்லை.

பளீல் அவரைக் கையால் படம் வெட்டும் வேலைக்கு எடுத்தார். தொண்ணூற்றொன்பதில் ஒரு பழைய கம்பியூட்டர் வந்தது. அதில் படம் திருத்துகிற மென்பொருள் ஒன்று. அதற்குள் ஒரு கட்டளை: எத்தனை மட்டம் வேண்டும் என்று கேட்கும். புகைப்படத்தில் வெள்ளையிலிருந்து கறுப்புவரை நூற்றுக்கணக்கில் சாம்பல்கள் உண்டு. சீலைத்திரைக்கு அத்தனை தாங்காது. ஒரு மட்டத்துக்கு ஒரு திரை, ஒரு மை. மூன்று என்று கொடுத்தால் முகம் மூன்று துண்டு நிழலாகிவிடும். மற்றவர்கள் ஒரு மாதம் முழித்த இடத்தை இவர் ஒரு காலையில் பிடித்துக்கொண்டார். முகமும் மேடு பள்ளம்தானே.

"சொப்ட்வெயர் வெட்டும். எங்க வெட்டுறதெண்டு அதுக்குத் தெரியாது" என்றார். "கன்னமும் பின்னால உள்ள சுவரும் ஒரே சாம்பலெண்டா ரெண்டையும் ஒட்டிவிட்டிடும். பிறகு மனுசன் சுவருக்குள்ளயிருந்து எட்டிப் பார்ப்பான். நான்தான் பிரிச்சு விட வேணும்."

இறந்தவர்களின் முப்பத்தோராம் நாள் நினைவு அட்டைக்கு இந்த மூன்று மட்ட முகம் கண்டியில் நாகரிகமாகிவிட்டது. காரணம் எளிது. சுருக்கமெல்லாம் வெள்ளையோடு போய்விடும். உயிரோடிருந்தபோது தெருவே நடுங்கிய மாமியார்கள், மூன்று மட்டத்தில் சாந்த சொரூபிகளாக நிற்பார்கள். மருமகள்மார் கூடுதலாக ஐம்பது அட்டை கேட்பார்கள்.

மனிதர்களைச் சில மட்டங்களாகச் சுருக்குவது இந்த நாட்டில் புதிய வேலை இல்லைதான். சோதனைச் சாவடியில் இரண்டு மட்டம் போதும், அதற்குக் கம்பியூட்டரும் வேண்டியதில்லை. பத்மாதேவிக்கு அது நன்றாகத் தெரியும். கண்டியில் பன்னிரண்டு வருடம் இருந்தும் பொலிஸ் பதிவுத் துண்டு இல்லாமல் அவர் படி இறங்குவதில்லை.

அவருக்கு ஒரு பழக்கம் இருந்தது. அதுதான் இந்தக் கதையின் வில்லன். கடைக்கு வரும் படங்கள் இரண்டு வகை. ஒன்று, எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் வீட்டோடு எரிந்து ஓரம் கருகியவை. மற்றது, மலைத் தோட்டங்களிலிருந்து வருபவை. அங்கே மூடுபனி பட அல்பத்துக்குள்ளும் புகும். தோட்டத் தொழிலாளரின் லயன் அறையில் இரண்டு மாரி கடந்த எந்தப் படத்திலும் பூஞ்சணப் புள்ளி இல்லாமல் இராது. அதனால் பத்மாதேவி படத்தை மட்டம் பிரிப்பதற்கு முன் புள்ளிகளையெல்லாம் துடைத்துவிடுவார். கை தானாகச் செய்யும். வீட்டுக்குள் நுழையுமுன் செருப்பைக் கழற்றுவதுபோல.

ஆடி மாதத்தில் ராக்கம்மா வந்தார். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து பறிப்பவர். கொழும்பில் பலசரக்குக் கடையில் வேலை செய்த மகன் ராஜலிங்கத்தை முந்தின வருடம் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோய்விட்டார்கள். எங்கே என்று கேட்ட இடமெல்லாம், அப்படி ஒருவரைப் பிடிக்கவேயில்லை என்றார்கள். அவரிடம் இருந்தது ஒரே ஒரு படம். தோட்டத்துக் கிரிக்கெட் குழு, பதினொரு பேர், நடுவில் ராஜலிங்கம் கையில் கப். முகம் பெருவிரல் நகமளவு. படம் முழுக்கப் பூஞ்சணம். போட்டோக்கொப்பி எடுத்தால் பதினொரு கறுப்பு முட்டைகள்தான் வந்தன.

"தாயி, எம் புள்ள மூஞ்சி மட்டும் வந்தாப் போதும். கப்பு வேணாம்" என்றாராம்.

கடைக்குள் அன்று சண்டை. பளீலுக்குப் பயம்.

"நோட்டீஸ்ல நம்பர் போடணும். அவங்களுக்குப் போன் இல்ல. கடைக்கு ஈக்கிற ஒரே நம்பர் இதுதான். பொலிஸ் வந்தா யாரு பதில் சொல்ற?"

"நான் சொல்லுறன், நானா" என்றார் பத்மாதேவி. பளீலை அண்ணன் முறையில் அவர் கூப்பிடுவது அப்படித்தான்.

"நீங்க சொன்னா எங்க ரெண்டு பேருக்கும் நோட்டீஸ் அடிக்க வேற ஆள் வேணும் தங்கச்சி!"

சொல்லிவிட்டு, இருநூறு தாளை அவரே அச்சிட்டார். ஒட்டுகிற இடத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்தான். உள்ளே இருந்துவிட்டு விடுதலையாகும் தோட்டத்துப் பையன்கள் வீட்டுக்குப் போவது குட்ஷெட் வழியாகத்தான். அங்கேயும், மலைக்குப் போகிற பஸ் நிற்கும் இடங்களிலும் ஒட்டினால், எவனாவது கண்டவன் இருப்பான்.

முதல் தாளை ராக்கம்மாவிடம் காட்டி, "சரியோ அம்மா? உங்கட மகன்தானோ?" என்று பத்மாதேவி கேட்டார். ராக்கம்மா அழுதார். தலையை ஆட்டினார். கண்ணுக்குக் கீழே கன்னத்தில் விரலை வைத்து, எடுக்காமல் அப்படியே நின்றார். தாய் தடவுகிறாள் என்று பத்மாதேவி நினைத்தார்.

பதினைந்தாம் நாள் தொலைபேசி வந்தது. இளம் குரல், அவசரம். "அந்த நோட்டீஸ்ல இருக்கறவன் மாதிரியே ஒருத்தன் எங்ககூட இருந்தான். ஆனா அவனுக்கு மொகத்துல நல்லா மச்சம் இருக்கும். இதுல இல்ல. அதுனால அவன் இல்ல. சும்மா சொன்னேன்." வைத்துவிட்டான். காசு கொடுத்துப் பேசுகிற கொமியூனிகேஷன் கடை ஒன்றிலிருந்து எடுத்த அழைப்பு. திருப்பிக் கூப்பிட வழியில்லை.

பத்மாதேவி சாயம் கலக்கப் போனார். பாதியில் கரண்டியை வைத்துவிட்டு வந்து, கம்பியூட்டரில் பழைய படத்தைத் திறந்தார். துடைக்குமுன் இருந்தபடி. முகத்தின் மேல் ஐந்து புள்ளிகள். நாலு புள்ளிகளின் ஓரம் பூஞ்சணம்போல் பிசிறியிருந்தது. ஒன்று மட்டும் வட்டமாக, சுத்தமாக, இடது கண்ணுக்குக் கீழே. ராக்கம்மாவின் விரல் நின்ற அதே இடம்.

ராக்கம்மாவுக்குச் சொல்லியனுப்பி, மறுநாள் அவர் வந்ததும் கேட்டார். "மச்சம் இல்லாததை நீங்கள் பார்க்கேல்லையோ அம்மா?"

"இருந்துச்சே தாயி. நான் பாத்தேனே. எம் புள்ள மூஞ்சியில அது இல்லாம எப்படி?"

இதை எனக்குச் சொல்லும்போது பத்மாதேவி ஜன்னலுக்கு இரண்டு முறை போய் வந்தார். "ஒரு வருசமா அந்தப் பெடியனைக் கண்ட ஒரே ஒரு மனுசன். அவரை நான் துடைச்சு அனுப்பிப் போட்டன்" என்றார்.

புதிதாக அச்சடிக்கப் பளீலிடம் தாளும் இல்லை, இன்னொரு முறை துணியத் தெம்பும் இல்லை. இருக்கிற இருநூறிலும் புள்ளி வைப்பது என்று பத்மாதேவி தீர்மானித்தார். அந்தப் பையன் மறுபடி ஒரு சுவரைக் கடக்கும்போது மச்சத்தைக் காண வேண்டும். காலையில் ஒரு பஸ், பின்னேரம் ஒரு பஸ். கட்டுகஸ்தோட்டை, தெல்தெனிய, ஹேவாஹெட்ட வழியில் ஒவ்வொரு தரிப்பிடம். நிற்கிற பஸ்ஸிலிருந்து இறங்கி, புள்ளி வைத்து, அதே பஸ்ஸில் ஏறிக்கொள்வார். கொண்டக்டர்களுக்கு இது செய்வினையாகத் தெரிந்ததில் வியப்பில்லை.

ஒரு சாவடிக்குப் பக்கத்தில் ஆமிக்காரன் பிடித்துக்கொண்டான். "மே மொகத கரன்னே?" என்ன செய்கிறாய் என்ற கேள்வி. பத்மாதேவி பதிவுத் துண்டை ஒரு கையிலும் பேனாவை மற்றக் கையிலும் நீட்டி, தெரிந்த சிங்களத்தில் மச்சம் என்றார், இவனுடைய மச்சம், விட்டுப்போய்விட்டது. அவன் சுவரொட்டியைப் பார்த்தான். இரண்டடி பின்னால் போய்ப் பார்த்தான். "லொக்குவட்ட தான்ன" என்றான். பெரிதாகப் போடு, தூரத்துக்குத் தெரியவில்லை.

"அவன் சொன்னது தொழில் ரீதியாச் சரி" என்றார் பத்மாதேவி. "அதுக்குப் பிறகு எல்லாத்தையும் மிளகளவுக்கு வைச்சன்."

இந்த இடத்தில் தொலைபேசி அடித்தது. பளீல் எடுத்தார், முகம் மாறியது, ரிசீவரின் வாயைப் பொத்திக்கொண்டு நீட்டினார். "தங்கச்சி. அந்த ஆள்."

அந்தத் தொலைபேசிக்கு ஒரு குணம். மறுபக்கம் பேசுவது கருவாட்டுக் கடைவரை கேட்கும்.

"நோட்டீஸ் ஒட்டினது நீங்கதானா?"

"ஓம் தம்பி. சொல்லுங்கோ."

"அன்னைக்கு மச்சம் இல்ல. இன்னைக்கு இருக்கு. நான் சொன்னதக் கேட்டுட்டுப் போட்டிருக்கீங்க. என்னய எதுல மாட்டிவிடப் பாக்குறீங்க? பத்திரிகையிலயும் என்னமோ போட்டிருக்கான்."

நான் கருவாட்டு வாசனையை ஆராய்ந்தேன்.

"வைச்சிடாதேங்கோ" என்றார் பத்மாதேவி. "ஒண்டு மட்டும் கேக்கிறன். அண்டைக்கு நீங்கள் மச்சம் எந்தப் பக்கமெண்டு சொன்னனீங்களோ?"

தொலைபேசிக்குள் ஒரு கொண்டக்டர் "ஹேவாஹெட்ட, ஹேவாஹெட்ட" என்று கத்தினான். அதே குரல், அதே நேரத்தில், ஜன்னல் வழியாகவும் வந்தது. ஆள் கீழேதான் எங்கேயோ நிற்கிறான். பளீல் ஜன்னலை நோக்கி எழுந்தார். பத்மாதேவி கையை நீட்டி மறித்து, பார்க்க வேண்டாம் என்று தலையாட்டினார்.

"சொல்லல" என்றது குரல்.

"நெத்தியோ, நாடியோ, கண்ணுக்குக் கீழயோ எண்டு?"

"இல்ல. மச்சம்னு மட்டுந்தான் சொன்னேன்."

"அப்ப எனக்கு எப்பிடித் தெரியும்? பிழை விட்டது நான் தம்பி. பழைய படத்தில இருந்தது, தூசியெண்டு துடைச்சுப் போட்டன். இப்ப புள்ளி நிக்கிற இடம் சரியோ, பிழையோ?"

"…எடம் சரிதான். அளவுதான் பெருசு. அவனுக்கு இம்புட்டு இல்ல."

அளவு ஆமிக்காரன் சொன்னது என்று சொல்ல வாயெடுத்தவர், பளீலின் கண்களைப் பார்த்து விழுங்கிக்கொண்டார்.

"சரி, இனி நீங்கள் சொல்லுங்கோ. உங்கள நாங்கள் எப்பிடி நம்பிறது? போன கிழமை ஒருத்தர் கூப்பிட்டு, பெடியன் லண்டனில நிக்கிறான் எண்டார்."

"அவன் ஓயாம கப்பு கதைதாங்க சொல்லுவான். மேச்சுல ஜெயிச்சு போட்டோ புடிக்கையில கப்ப இவன்கிட்டக் குடுத்தாங்களாம். 'அந்த போட்டோ எங்கம்மாகிட்ட இருக்கு'ம்பான். காதுல ரத்தம் வர்ற அளவுக்குக் கேட்டாச்சு."

பத்மாதேவி சுவரொட்டியைப் பார்த்தார். அதில் கப் இல்லை. அவர் கையால் வெட்டியெறிந்தது அது.

பையன் ஒரு தடுப்பு முகாமின் பெயரைச் சொன்னான். தெற்கே. ஆனி முடியும்வரை ஒரே மண்டபத்தில் இருந்திருக்கிறார்கள். தன் பெயரைச் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. கீழே பஸ் கிளம்பும் சத்தம் கேட்டது. பத்மாதேவி கதிரையில் உட்கார்ந்தார். ஈரத் துணியின்மேல்தான். எழுந்திருக்கவில்லை.

புரட்டாதியில் ராக்கம்மா ஒரு சட்டத்தரணியோடு அந்த முகாமுக்குப் போனார். அப்படி ஒருவர் இங்கே இல்லை என்றார்களாம். ராக்கம்மா சுவரொட்டியை மேசையில் விரித்தார். தேநீர் கொண்டுவந்த சிப்பாய் ஒருவன் எட்டிப் பார்த்து, அதிகாரி கண்ணைக் காட்டுமுன், இருக்கிறானே என்றுவிட்டான். கம்பிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் மகனைக் காட்டினார்கள். மெலிந்திருந்தானாம். சுவரொட்டியைப் பார்த்து, "என்னம்மா இது, மச்சம் இம்புட்டுப் பெருசு" என்று சிரித்தானாம். இதை எழுதும்வரை அவன் வெளியே வரவில்லை. ஆனால் பட்டியலில் இருக்கிறான். பட்டியலில் இருப்பவனை, பிடிக்கவேயில்லை என்று சொல்வது கொஞ்சம் கஷ்டம்.

எல்லாம் முடிந்தபின் நன்றியோ வசவோ கேட்டுக்கொள்ளலாம் என்று மாடியேறினேன். பத்மாதேவி பழையபடி நின்றுகொண்டிருந்தார். ஒரு மார்க்கர் பேனாவை என்னிடம் நீட்டினார்.

"இன்னும் ஒண்டு இருக்கு. ஹுன்னஸ்கிரியவில, கூட்டுறவுக் கடை அறிவித்தல் பலகையில. நான் போறதுக்கு முதல் உங்கட எழுத்து அங்க போய்ச் சேர்ந்திட்டுது."

"ஆள்தான் கெடச்சாச்சே. இனி எதுக்கு?"

"படம் பிழையா நிக்குதெல்லோ" என்றார். "அது உங்கட கடன். இடது கண், மறக்காதேங்கோ. அவன்ட இடது."

போனேன். பலகை கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. உள்ளே ராஜலிங்கம் சுத்தமான கன்னத்தோடு நின்றான். வழியில் ஒரு பூட்டு, புதியது. அதன் திறப்பு மனேஜரிடம், மனேஜர் லீவில். பூட்டு எப்போது போட்டது என்று கடையில் நின்ற பெண்ணைக் கேட்டேன்.

"இப்பதாங்க, ஆவணியில. யாரோ ஒரு பொம்பள வந்து புள்ளி வைக்கிறாளாம். பேப்பர்லயே போட்டிருந்துச்சே, நீங்க பாக்கலையா?"

இல்லை என்றேன். மனேஜர் அதற்குப் பிறகு இரண்டு முறை லீவில் இருந்தார். மூன்றாம் முறை நான்தான் போகவில்லை, மழை. பேனா என் சட்டைப் பையில் கிடக்கிறது. மூடி கழன்று நெஞ்சருகே ஒரு கறுப்புப் புள்ளி. சவர்க்காரத்துக்கு அது போவதாயில்லை.